வைத்தியர் கேட்காவிட்டாலும் நாம் சொல்ல வேண்டியவை

சொந்த ஊரில் இருந்தபோது வருத்தம் என்று வைத்தியசாலைக்குப் போனால் எங்களைத் தெரிந்த ஒருவராவது அங்கே இருப்பார். "இவருக்குத் தொய்வு இருக்கு", "இந்தப் பிள்ளைக்குப் பெனிசிலின் ஒத்துவராது" என்று நாம் வாய் திறக்குமுன்னரே தாதி சொல்லிவிடுவார். எங்கள் நோயின் கதையை ஊரே நினைவில் வைத்திருந்தது. இடம்பெயர்ந்து வரும்போது பாயையும் பானையையும் தூக்கிக்கொண்டு வந்தோம். அந்த நினைவைக் கொண்டுவர முடியவில்லை. புதிய இடத்து வைத்தியருக்கு நாம் முன்பின் தெரியாத ஆட்கள்.

வெளிநோயாளர் பிரிவில் விடியற்காலையிலிருந்து துண்டு எடுத்துக் காத்திருப்போம். வைத்தியருக்கு முன்னால் இருக்கக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். இதற்கு அவரைக் குறைசொல்லிப் பயனில்லை, வரிசை வாசல்வரை நிற்கிறது. ஆனால் அந்தச் சில நிமிடங்களில் நாம் சொல்வதைக் கொண்டே அவர் நோயைக் கணிக்கவேண்டியிருக்கிறது. இரத்தப் பரிசோதனையும் படம் பிடிப்பதும் அதற்குப் பிறகுதான். எந்தப் பரிசோதனையைச் செய்வது என்பதையே எமது வாய்ச்சொல்தான் தீர்மானிக்கிறது. ஆகையால் என்ன சொல்வது, எதைக் கையில் கொண்டுபோவது என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

காய்ச்சல் என்றால் எந்தக் காய்ச்சல்?

ஒரு கமக்காரர் வைத்தியரிடம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"என்ன ஐயா செய்யுது?"

"காய்ச்சல் டொக்டர். உடம்பெல்லாம் நோ."

"எத்தனை நாள்?"

"நாலஞ்சு நாள் இருக்கும்."

"வேற ஏதும்?"

"வேறொன்றும் இல்லை."

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொல்லாமல் விட்டவை இவை: இரண்டு கிழமைக்கு முன்னர் மழை விட்டதும் கூலிக்கு வாய்க்கால் துப்புரவாக்கப் போனார். தொடையளவு தண்ணீரில் நின்றார். காலில் வெட்டுக்காயம் ஒன்று இருந்தது. இப்போது கெண்டைக்கால் நோவினால் குந்தி இருக்க முடியவில்லை. நேற்றிலிருந்து சலம் குறைவாகவும் நிறமாகவும் போகிறது. வயல் வேலையைப் பற்றி வைத்தியர் கேட்கவில்லை, அதனால் அவரும் சொல்லவில்லை. காய்ச்சலுக்கும் வாய்க்காலுக்கும் என்ன தொடர்பு என்று நினைத்திருப்பார்.

தொடர்பு இருக்கிறது. எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. எலியின் சிறுநீரிலும், சிலவேளை மாடு, நாய் போன்றவற்றின் சிறுநீரிலும் உள்ள கிருமி சேற்றிலும் தேங்கிய நீரிலும் கலந்து, எமது தோலில் உள்ள வெடிப்பு, காயம் வழியாக உடலுக்குள் போகிறது. காய்ச்சல் உடனே வராது. பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு கிழமை கழித்து வரும், சிலருக்கு ஒரு மாதம்வரைகூடச் செல்லும். அதற்குள் வாய்க்காலை நாம் மறந்துவிடுகிறோம். நேரத்தோடு கண்டுபிடித்தால் சாதாரண நுண்ணுயிர்க்கொல்லி மருந்தினால் மாற்றிவிடலாம். பிந்தினால் சிறுநீரகம், ஈரல், நுரையீரல் ஆகியவற்றைத் தாக்கி உயிரைக் கொண்டுபோய்விடும். 2008ஆம் ஆண்டில் இலங்கையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்த நோய் கண்டதாகப் பதிவாகியது. 2024 டிசம்பரில், வெள்ளம் வடிந்த பின்னர், யாழ்ப்பாண மாவட்டத்தில் சிலர் காய்ச்சலால் அடுத்தடுத்து இறந்தபோது என்ன நோய் என்று முதலில் விளங்காமல் சனங்கள் பதறினர். பரிசோதனையில் அது எலிக்காய்ச்சல் என்று தெரியவந்தது.

அதே கமக்காரர் இப்படிச் சொல்லியிருக்கலாம்: "ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் காய்ச்சல் தொடங்கினது டொக்டர். இரண்டு கிழமைக்கு முன்னம் தண்ணிக்குள் நின்று வாய்க்கால் வெட்டினனான். கெண்டைக்கால் சரியான நோ. நேற்றிலிருந்து சலம் குறைவு." நான்கு வசனம், அரை நிமிடம்கூட ஆகாது. வயலில் வேலை செய்பவர் எந்தக் காய்ச்சலுக்குப் போனாலும், வைத்தியர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், கடந்த ஒரு மாதத்தில் எந்தத் தண்ணீரில், எந்தச் சேற்றில் இறங்கினோம் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வயலில் இறங்குவதற்கு முன்னர் எலிக்காய்ச்சல் வராமல் தடுக்க டொக்சிசைக்கிளின் என்ற மருந்தைக் கிழமைக்கு ஒரு தடவை எடுக்கும்படி சுகாதாரத் திணைக்களத்தினர் கொடுப்பதுண்டு. எமது பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம், அதாவது பி.எச்.ஐ. ஐயாவிடம் கேட்டால் இலவசமாகப் பெறலாம். இடம்பெயர்ந்து வந்து பிறருடைய காணியில் கூலிக்குப் போகிறவர்கள் அவருடைய பட்டியலில் இல்லாமல் விடுபட்டுப்போகக்கூடும், ஆகையால் நாமே போய்ப் பெயரைக் கொடுப்போம். இதைச் சாப்பாட்டின் பின் நிறையத் தண்ணீரோடு குடிக்கவேண்டும், குடித்தவுடன் படுக்கக்கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் சிறுபிள்ளைகளுக்கும் தாமாகவே கொடுக்கக்கூடாது. மருந்து எடுத்தவருக்கும் காய்ச்சல் வந்தால் வைத்தியசாலைக்குப் போகத்தான் வேண்டும்.

டெங்குக் காய்ச்சலில் தொடங்கிய நாளே முக்கியம். "நாலஞ்சு நாள்" என்பது போதாது. எந்தக் கிழமை, காலையா மாலையா என்று சொல்லவேண்டும். மூன்றாம் நாளில் செய்யும் இரத்தப் பரிசோதனைக்கு ஒரு பொருள், ஐந்தாம் நாளில் செய்யும் பரிசோதனைக்கு வேறு பொருள். இன்னொன்றையும் மனதில் வைப்போம். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் பலருக்கு ஆபத்தான நேரம். "காய்ச்சல் விட்டிட்டுது, பிள்ளை சுகம்" என்று நாம் ஆறுதலடையும் அந்த நாளில் வயிற்றுவலி, விடாத சத்தி, கைகால் குளிர்தல், தலைசுற்று, எங்கிருந்தாவது இரத்தக் கசிவு, ஆறு மணித்தியாலமாகச் சலம் போகாமை ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே கொண்டுபோக வேண்டும். காய்ச்சலோடு உடம்பு நோவுகிறது என்று டைக்குளோபெனாக், இபுபுரோபன், அஸ்பிரின் போன்ற நோக் குளிசைகளைக் கடையில் வாங்கிப் போடுவது பெரிய ஆபத்து. டெங்குவாக இருந்தால் இரத்தப்போக்கை அவை கூட்டிவிடும்.

பற்றைக்காடு வெட்டித் துப்புரவாக்கிக் குடியிருக்கும் குடும்பங்களுக்கு மூன்றாவது காய்ச்சல் ஒன்றும் உண்டு. பற்றையிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு உண்ணி கடிப்பதால் வரும் உண்ணிக் காய்ச்சல் அது. வடக்கில் இது இருப்பது வைத்தியர்களுக்கு நன்கு தெரியும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோலக் கறுத்த பொருக்கு ஒன்று இருக்கும். வலிக்காது, கடிக்காது. அது வருவதோ பெரும்பாலும் அக்குளில், அரையில், தொடை இடுக்கில், மார்புக்குக் கீழே. வலி இல்லாததால் நாம் கவனிப்பதில்லை, கவனித்தாலும் வெட்கத்தில் காட்டுவதில்லை. அந்த ஒரு பொருக்கைக் கண்டால் வைத்தியர் நோயை உடனே ஊகித்துவிடுவார். காய்ச்சல் நாலு நாளைத் தாண்டினால் வீட்டிலேயே உடம்பு முழுவதையும் பார்த்துக்கொண்டு போவோம். பெண்கள் காட்டுவதற்குக் கூச்சப்பட்டால், பக்கத்தில் ஒரு தாதியை நிற்கச் சொல்லிக் கேட்கலாம். அப்படிக் கேட்பது தவறல்ல.

எங்கே படுத்தோம் என்பதையும் சொல்வோம்

தறப்பாள் கொட்டிலில் பாய் விரித்து நிலத்தில் படுக்கும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். கட்டுவிரியன், கறுத்த உடம்பில் வெள்ளை வளையங்கள் உள்ள பாம்பு, இரவிலே நடமாடும். நித்திரையில் இருப்பவரைக் கடித்தால் பலவேளை வலியே தெரியாது. கடித்த அடையாளமும் இராது. நடுச்சாமத்தில் அல்லது விடிய எழும்பும்போது வயிற்றுவலி, சத்தி என்று தொடங்கும். பிறகு கண்ணிமை சரியும், பேச்சுக் குழறும், விழுங்க முடியாமல் போகும், கடைசியில் மூச்சு நிற்கும். வயிற்றுவலி என்று மட்டும் சொன்னால் யாரும் பாம்பை நினைக்கமாட்டார்கள். "நிலத்தில் படுத்திருந்தவர், விடிய எழும்பேக்க வயிற்றுவலி, இப்ப கண் சொருகுது" என்று சொல்லுங்கள். நுளம்பு வலையைப் பாயின் கீழ் நன்றாகச் செருகிவிட்டுப் படுத்தால் நுளம்பையும் பாம்பையும் ஒன்றாகத் தடுக்கலாம்.

எந்தப் பாம்பு கடித்தாலும் வெட்டுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது வேண்டாம். மோதிரம், காப்பு, கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்துக்கொண்டு கொண்டுபோங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாம்பைத் தேடிப் பிடிக்கப்போய் இரண்டாவது ஆளும் கடிபட்ட கதைகள் உண்டு. தூரத்தில் நின்று கைத்தொலைபேசியில் படம் எடுக்க முடிந்தால் எடுக்கலாம், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

பயிருக்கு மருந்தடித்துவிட்டு வந்தவருக்கு வியர்வை, வாயில் எச்சில் ஊறுதல், கண்மணி சுருங்குதல், நடுக்கம் ஏற்பட்டால் அடித்த மருந்தின் போத்தலை, அல்லது அதன் லேபலையாவது, ஒரு பையில் போட்டு வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். "வயலுக்கு அடிக்கிற மருந்து" என்றால் அதில் பலவகை உண்டு, மாற்று மருந்தும் வேறுபடும்.

மறைப்பவை

நாட்டு வைத்தியம் செய்ததை வைத்தியரிடம் சொன்னால் ஏசுவார் என்று பலர் மறைக்கிறார்கள். சிலர் ஏசுவதும் உண்டுதான். ஏச்சை வாங்கிக்கொண்டு சொல்லிவிடுவதே நல்லது, ஏனென்றால் குடித்த கஷாயமும் கொடுக்கும் குளிசையும் ஒன்றோடொன்று மோதக்கூடும். பக்கத்துக் கொட்டிலில் வாங்கிப் போட்ட குளிசையையும் அப்படியே சொல்வோம். குளிக்கும் முறை தள்ளிப்போயிருந்தால் அதைப் பெண்கள் கட்டாயம் சொல்லவேண்டும், எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்னரும் எந்த மருந்துக்கு முன்னரும். நாளும் சாராயம் குடிப்பவர் விடுதியில் அனுமதிக்கப்பட்டால் அதை மனைவியாவது தாதியிடம் சொல்லவேண்டும். குடி திடீரென்று நின்ற இரண்டு மூன்று நாட்களில் நடுக்கமும் புத்தி தடுமாற்றமும் வரும். காரணம் தெரிந்தால் அதற்கும் மருந்து இருக்கிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கடினம். இழப்புகளின் பின்னர் நித்திரை இல்லை, நெஞ்சு படபடக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, யாரோடும் கதைக்க மனமில்லை என்று இருப்பவர்கள் வைத்தியரிடம் "தலையிடி" என்று மட்டும் சொல்லிப் பனடோலோடு திரும்புகிறார்கள். உள்ளதைச் சொன்னால் ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். அது விசருக்கான இடம் என்று நினைப்பவர்கள் எம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். தூக்கமில்லாத கமக்காரனுக்கும் பிள்ளையை இழந்த தாய்க்கும் உரிய இடம் அது.

ஒரு பொலித்தீன் பை

மழைக்கும் ஓட்டத்துக்கும் தப்பவேண்டியவை நிலப்பத்திரமும் அடையாள அட்டையும் மட்டுமல்ல. கிளினிக் கொப்பி, விடுதியிலிருந்து துண்டு வெட்டும்போது தரும் அட்டை, ஈ.சி.ஜி. தாள், பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேடு, கர்ப்பிணிப் பதிவேடு ஆகிய எல்லாம் ஒரே பொலித்தீன் பையில், இறுக்கிக் கட்டி, எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும். அதோடு வீட்டில் எழுதத் தெரிந்த பிள்ளையைக் கொண்டு ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் எழுதி வைப்போம்: பெயர், பிறந்த திகதி, இரத்த வகை, உள்ள நோய்கள், செய்த சத்திரசிகிச்சை, ஒத்துவராத மருந்து, நாளும் எடுக்கும் குளிசைகளும் அவற்றின் மில்லிகிராமும். குளிசையின் பெயரை மட்டைப் பெட்டியைப் பார்த்து ஆங்கிலத்தில் அப்படியே எழுதச் சொல்லுங்கள். தமிழ் தெரியாத வைத்தியரிடம் போகும்போதும் அந்தத் தாள் எமக்காகப் பேசும்.

எல்லாம் தொலைந்துபோனால்? பழைய வைத்தியசாலைக்கு யாராவது போகிறவரிடம் அனுமதிக்கப்பட்ட திகதியையும் விடுதி இலக்கத்தையும் சொல்லி விசாரிக்கலாம். பிள்ளையின் தடுப்பூசி விபரம் பழைய பகுதியின் குடும்பநல மாதுவிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ இருக்கக்கூடும். புதிய பகுதியின் மாதுவிடம் சொன்னால் அவரே தொடர்புகொண்டு கேட்க முடியும். அதுவும் இல்லாவிட்டால் முடிந்துபோன குளிசையின் வெறும் மட்டையையாவது கொண்டுபோங்கள். "வெள்ளைக் குளிசை, சின்னது" என்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

மருந்து கையில் கிடைத்த பின்

மருந்து கொடுக்கும் இடத்தை விட்டு நகருமுன் மூன்றைக் கேட்டுக்கொள்வோம்: இது எதற்கு, எத்தனை நாளைக்கு, எப்படியிருந்தால் திரும்ப வரவேண்டும். விளங்காவிட்டால் மறுபடி கேட்பதில் வெட்கமில்லை. பின்னால் நிற்பவர் முணுமுணுக்கட்டும்.

ஒரே மருந்துக்குப் பல கம்பனிப் பெயர்கள் இருக்கின்றன. ஆனால் அதன் பொதுப்பெயர் ஒன்றுதான். பனடோல் என்பது கம்பனிப் பெயர், பரசிட்டமோல் என்பது பொதுப்பெயர். இது தெரியாமல் வைத்தியசாலை தந்த பரசிட்டமோலையும் கடையில் வாங்கிய பனடோலையும் சேர்த்துப் போடுகிறவர்கள் உண்டு. வளர்ந்த ஒருவர் 500 மில்லிகிராம் குளிசையில் ஒரு தடவைக்கு இரண்டு, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகக்கூடாது. மெலிந்தவர்களுக்கும் ஈரல் பழுதானவர்களுக்கும் அதிலும் குறைவு. பிள்ளைகளுக்கு நிறையைப் பார்த்தே அளவு. மீறினால் ஈரல் கெடும். பொதுப்பெயரில் மருந்து வாங்கும் வழக்கத்துக்கு இந்த நாட்டில் அடித்தளமிட்டவர்களில் முதன்மையானவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அமைந்த அரச மருந்துகள் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர். பார்மசியில் விலை கட்டுப்படியாகாவிட்டால் "இதே பொதுப்பெயரில் மலிவானது இருக்கா?" என்று கேட்கலாம்.

பிரஷர், சீனி வருத்தக் குளிசைகளைச் "சுகமாயிருக்கு" என்று நிறுத்துவது எம்மிடையே அதிகம். சுகமாயிருப்பது அந்தக் குளிசையால்தான். அதேவேளை, சாப்பாடு கிடைக்காத நாளில் சீனி வருத்தக் குளிசையை வழமைபோலப் போட்டால் சீனி மிகக் குறைந்து மயக்கம் வரலாம். முகாமில் சாப்பாடு நேரத்துக்குக் கிடைப்பதில்லை என்றால் அதைக் கிளினிக்கில் சொல்லுங்கள், மருந்தை மாற்றி எழுதுவார்கள். நாரிநோவுக்கு மாதக்கணக்காக டைக்குளோபெனாக் போடுகிற கூலித் தொழிலாளர்கள் சிறுநீரகத்தை நினைக்கவேண்டும். காரணம் தெரியாத சிறுநீரக நோய் பல காலமாகக் கமக்காரரைத் தாக்கிவரும் வடமத்திய மாகாணத்திலும் வவுனியாவிலும் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும்.

ஊசி போட்டால்தான் சுகம், சேலைன் ஏற்றினால்தான் தெம்பு என்று வைத்தியரை வற்புறுத்துவதை விடுவோம். வயிற்றோட்டத்தில், வாயால் குடிக்கக்கூடியவருக்கு ஒரு பைக்கற் ஜீவனியை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்துக் கொடுப்பது சேலைனுக்குக் குறைந்ததல்ல. கரைத்ததை 24 மணித்தியாலத்துக்குள் முடிக்கவேண்டும், மிஞ்சினால் ஊற்றிவிடுங்கள். குழந்தை குடிக்க மறுத்தாலும், கண் குழிந்து சோர்ந்து கிடந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் ஜீவனியை மட்டும் நம்பியிருக்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

அவசரத்துக்கு

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். 2016இல் தொடங்கிய சேவை அது, காசு கேட்கமாட்டார்கள். ஆனால் புதிய குடியிருப்புகளில் வீட்டிலக்கமும் இல்லை, வீதிப் பெயரும் இல்லை. ஆகையால் அயலவரோடு இருந்து இன்றைக்கே ஒன்றைத் தீர்மானித்து வையுங்கள்: பெரிய வீதியிலிருந்து எங்கே திரும்புவது, பாடசாலையா கோயிலா குளக்கட்டா எது அடையாளம், மழைக்கு வாகனம் எதுவரை வரும். அதைப் பொலித்தீன் பையில் உள்ள தாளின் பின்பக்கத்தில் எழுதிவிடுங்கள். இரவென்றால் ஒருவர் டோர்ச் லைட்டோடு சந்தியில் போய் நிற்கவேண்டும்.